லேபிள் இருந்த இடம்

இறந்து கிடந்த கட்டிங் மாஸ்டருக்குக் கடைசியாகப் போட்டுவிடச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஒரு புதுச்சட்டை வந்திருந்தது. நாத்தனார் அதை அவர் மனைவியின் மடியில் வைத்து, "நீங்களே பிரிச்சுக் குடுங்க அண்ணி, உள்ளே காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். வெளிர் நீலம், அவருக்குப் பிடித்த நிறம்தான். உறையைக் கிழித்துப் பொத்தான்களைக் கழற்றிக் காலரை விரித்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கழுத்தின் பின்பக்கம் படும் இடத்தில் லேபிள் இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. துணியில் ஒரு கீறல் கிடையாது. அவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிற கை அந்தத் தொழிற்சாலையில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம், இங்கே தைக்கிற சட்டைகள் எல்லாம் போய்ச் சேரும் பெரிய நாடு, பக்கத்து நாட்டுத் துணிமணிகளுக்கு இறக்குமதி வரியைக் கன்னாபின்னாவென்று ஏற்றியது. நம் சரக்குக்குப் பழைய வரியே நீடித்தது. அன்று மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். கட்டிங் பிரிவில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"எவனோ எங்கேயோ ஒரு கையெழுத்துப் போட்டான். ஆர்டர் பூரா இனிமே இந்தப் பக்கம்தான். என்னைப் பார்க்கணும்னா நீ கட்டிங் மேசைக்குத்தான் வரணும்."

"இப்ப மட்டும் வீடே கதின்னு கிடக்கிறீங்களாக்கும்" என்றாள் அவள்.

ஆர்டர் வந்தது. துணிதான் வரவில்லை. பக்கத்து நாட்டில் வெட்டித் தைத்து முடித்த சட்டைகளே பெட்டி பெட்டியாகப் பின்வாசல் வழியாக இறங்கின. அந்த நாட்டின் பெயர் போட்ட லேபிளைப் பிரித்துவிட்டு நம் நாட்டுப் பெயரைத் தைத்துக் கப்பலேற்றினால் முதலாளிக்குச் செலவு பாதிகூட இல்லை. ஃபினிஷிங் பிரிவிலிருந்து நாலைந்து பெண்களைப் பொறுக்கிப் பழைய கிடங்கில் உட்கார வைத்தார்கள். முதலில் கூப்பிட்டது அவளைத்தான். நூலை மட்டும் அறுத்து, துளைகளை ஈரவிரலால் ஒற்றி, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவினால் இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும். அது அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது.

"அக்கா, இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்" என்றான் சூப்பர்வைசர். "முக்கியமா மாஸ்டர் காதுக்குப் போகக் கூடாது. மனுஷன் ஊரைக் கூட்டிடுவாரு. அப்புறம் உங்களுக்கும் வேலை இருக்காது."

அவள் தலையாட்டினாள். பிள்ளைகள் இல்லாத வீடு, இரண்டு வயிறுதான். ஆனாலும் ஆட்டினாள்.

கட்டிங் பிரிவை மூடுகிறோம் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. சொன்னால், பிறகு சட்டை எங்கிருந்து வருகிறது என்று எவனாவது கேட்பான். அதனால் ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்து ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். மாஸ்டருக்குக் கண். அளவு பிசகுகிறது, துணி வீணாகிறது, பார்வை மங்கிவிட்டது என்றார்கள். அவர் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போய்க் கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்துக் காலரும் கையுமாக வெட்டிப் பார்த்தபடி இருப்பார். அவள் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்.

"பாரு, வளைவு சரியா வருதா?"

"சரியாத்தாங்க இருக்கு."

"நீ சொல்லுவ. என்னை எங்கே நீ விட்டுக்குடுக்கப் போற."

அவள் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை, மேசைக்குத் துணியே வரவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தண்ணீர் கொதிக்கும்வரை அது தொண்டையில் நிற்கும். பிறகு இறங்கிவிடும்.

ஒருநாள் அவள் தோளிலிருந்து ஒரு நூல்துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது நம்ம நூல் இல்லையே."

"பழைய ஸ்டாக்குங்க. ஏதோ கிடந்தது."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை வெட்டப் போய்விட்டார். நேற்றுக் காலையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கைதவறி விழுந்த கத்தரியை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவள் உட்கார்ந்திருந்த வாசலில் தொழிற்சாலை ஆட்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "தங்கமான கை. கண்ணு மட்டும் ஏமாத்தாம இருந்திருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் நின்னிருப்பாரு" என்றார் கட்டிங்கில் அவரோடு வேலை பார்த்த ஒரு பெரியவர். அவரையும் ஏதோ சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை. அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் அவள் மடியில் விரிந்து கிடந்த காலரைப் பார்த்தான்.

"ஆமாம்மா, ஆமாம். உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சூப்பர்வைசர் கிட்டே வந்து குனிந்தான். "அவசரத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு வந்துட்டேன் அக்கா. வேற கொண்டு வரட்டுமா?"

உள்ளிருந்து நாத்தனார், "அண்ணி, சட்டை" என்றாள்.

அவள் குனிந்து காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலே அவள் வாயைப் பார்த்திருக்க, அவள் விரல் தன்பாட்டுக்கு உதட்டுக்குப் போய் ஈரமாகி வந்தது. நகம் துளைகளின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடத் தொடங்கியது. இழைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து நெருங்கி மூடிக்கொண்டிருந்தன.