கயிற்றுக்கு அப்பால்

கரகோல் நகரில், பெர்மெத்தின் வீட்டு மேசையில் பனிச்சறுக்கு மலையின் வரைபடம் விரிந்திருந்தது. இந்த வருஷப் பயணத்தில் எங்கே தங்குவதென்று அவள் கணவன் திலெக் யோசிக்கையில், அவன் நண்பன் எர்மெக் பாதுகாப்பான பகுதியின் எல்லைக் கயிற்றுக்கு அப்பாலிருந்த சரிவை வரைபடத்தில் தொட்டான். போன வருஷம் பெர்மெத்தின் தம்பி உலான் பனியில் புதைந்து செத்த இடம்.

"இந்தத் தடவை இங்கயும் இறங்குவோம். உலான் பயந்தாங்கொள்ளி. நான் தடுத்தும் கேக்காம இறங்கிப் பாதியில நின்னுட்டான்."

பெர்மெத் பக்கத்தில் கிடந்த சறுக்குக் காலணியைத் தூக்கி எர்மெக்கின் வாயிலேயே அடித்தாள். பல் தெறித்தது. அடுத்த அடியில் மூக்கு உடைந்து வரைபடமெல்லாம் ரத்தம். திலெக் பின்னாலிருந்து அவள் கைகளை இறுக்கிப் பிடித்தான்.

"விடுங்க! செத்தவனையா பயந்தாங்கொள்ளிங்கிறான்?"

எர்மெக் தரையில் கிடந்து அழுதான். "அடிங்க அக்கா... அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேலி பண்ணி இழுத்துட்டுப் போனேன்."

திலெக் அவள் கைகளை விட்டான்.