பாதிக்கு மேல் திறந்தால்

காற்றைத் தள்ளும் ப்ளோயரின் அடைப்புத் தகட்டைப் பாதிவரை திறந்தால் தீ நன்றாக எரிந்தது. பாதியைத் தாண்டி ஒரு விரல் அகலம் நகர்த்தினால் அணைந்தது. டீசலைக் கூட்டினாலும் அணைந்தது, குறைத்தாலும் அணைந்தது. தீ எரியக் காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று கூடும்போது தீ ஏன் சாக வேண்டும்?

என் அண்ணன் மிக்கேல்ராஜ் நான்கு நாட்களாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மலையூரான சக்குபள்ளத்தில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றை, அதாவது பச்சைக்காயை உலர்த்தித் தரும் கட்டடத்தை, அவன் நடத்துகிறான். விடாத மழையில் விறகெல்லாம் நனைந்துபோக, விறகடுப்பை எடுத்துவிட்டு டீசல் பர்னர் ஒன்றைத் தானே செய்து பொருத்தியிருந்தான். படுக்கவைத்த இரும்பு டிரம்; அதற்குள் துளைகள் உள்ள ஒரு தகட்டுக் குழாய். முன்முனையில், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்ப்பின் பித்தளை நாசில் டீசலைப் பனிபோலத் தூவும். ப்ளோயர் டிரம்முக்குள் தள்ளும் காற்று, துளைகள் வழியாகக் குழாய்க்குள் புகும். தீ அந்தக் குழாய்க்குள் எரியும். பின்முனையில் வெளிவரும் அனல், உலர்த்தும் அறையில் ஓடும் தகரக் குழாய்களுக்குள் போய் அறையைச் சூடாக்கும். பாதிக் காற்றில் எரிந்தால் அந்தச் சூடு அறையின் கோடிவரை எட்டவில்லை.

நான் பெங்களூரில் விமான எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு வந்து இறங்கியபோது அண்ணனின் வலது புருவத்தைக் காணவில்லை.

“புருவம் எங்கண்ணே?”

“அது நேத்து போச்சு. வந்ததும் வராததுமா கேள்வி கேக்காத.”

அண்ணனின் மனைவி, என் மைனி சிசிலி, ஈரக்காயைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். “புருவத்த மட்டும் சொல்லுதாக. டிரம்மு மூடி பறந்து இந்தச் செவத்துல அடிச்சத சொல்ல மாட்டாக. நான் இதே எடத்துலதான் நின்னேன், டின்சி. ஒரு சாண் தள்ளிப் போச்சு.”

சுவரில் என் தலை உயரத்தில் காரை பெயர்ந்திருந்தது. அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தேன்.

“தீ அணைஞ்சதும் வெள்ளையா புகை வந்துச்சா?” என்று கேட்டேன்.

“குடம் குடமா வந்துச்சு. அதான் பந்தத்த உள்ள நீட்டித் திரும்பப் பத்தவச்சேன்.”

அந்த வெள்ளைப் புகை புகையே அல்ல. எரியாத டீசல், சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்பது. அதில் தீயை நீட்டுவது, வாயு கசிந்த சமையலறையில் தீக்குச்சி உரசுவதற்குச் சமம். விமான எஞ்சினில் தீப்பற்றாமல் போனால், டீசலைப் போன்ற அதன் எரிபொருளை முதலில் நிறுத்துவார்கள். வெறும் காற்றைச் சுழலவிட்டு மிச்சத்தை வெளியேற்றுவார்கள். பிறகுதான் மறுபடி பற்றவைப்பார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

“சரி, ஏரோப்ளேன்காரி. வந்துட்டேல்ல, நீயே கண்டுபிடி. பெரியமுத்து அண்ணாச்சி ஒணத்தக் குடுத்த காயி ரெண்டு நாளா குமிஞ்சு கெடக்கு. கைய உள்ள விட்டுப் பாரு, கொதிக்குது. இன்னைக்குத் தட்டுல ஏத்திச் சூடு குடுக்கலன்னா நெறம் போயிரும். மூணு மணிக்கு நான் பத்தவப்பேன்.”

“எதை வச்சு?” என்றாள் மைனி. தீப்பெட்டி அவள் இடுப்பில் செருகியிருந்தது.

“கடையில விக்காதாக்கும்?”

அவன் மூன்று மணிக்குப் பற்றவைப்பான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இன்னொரு முறை அந்த மூடி எந்தப் பக்கம் பறக்கும் என்பதுதான் தெரியவில்லை.

நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் விட்டுச் சோதித்தபோது அழகான கூம்பாகத் தூவியது. பம்ப்பின் அழுத்தம் நிலையாக இருந்தது. டீசலில் தண்ணீர் இல்லை. டிரம்மின் பின்மூடி துரு ஏறி இறுகியிருந்ததால் உள்ளே இருக்கும் குழாயின் துளைகளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. கேட்டேன்.

“உள்குழாய்ல துளை எப்படிப் போட்ட?”

“போடவே இல்ல. நம்ம பழைய காய்ச் சல்லடைத் தகட அப்படியே உருட்டிட்டேன். எட்டு மில்லிமீட்டர். ஒரு துளைகூட முன்னபின்ன இருக்காது, பிள்ள.”

“நல்லதுண்ணே” என்று சொல்லி, நான் அடுத்ததைப் பார்க்கப் போனேன்.

ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், தீ எப்படிச் சாகிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றேன். மைனி தீப்பெட்டியைத் திறந்து ஒரே ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தாள். பெட்டியை மறுபடி செருகிக்கொண்டு முற்றத்துக்குப் போய் மழையில் நின்றாள்.

முன்மூடியை நான்கு போல்ட்டுகளால் இறுக்கினோம். அண்ணன் பந்தத்தைப் பக்கத்துத் துவாரத்தில் நீட்டினான். தீ பிடித்தது. மூடியில் பதித்திருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கால் திறப்பில் மஞ்சள் தீ, சோம்பலாக. பாதியில் நீலமும் மஞ்சளுமாக உறுமியது. பாதியைத் தாண்டியதும் தீ நாசிலை விட்டுப் பிரிந்தது. ஒரு சாண், இரண்டு சாண், குழாய்க்குள் பின்வாங்கிக்கொண்டே போய்க் காணாமல் போனது. கண்ணாடி வெளுத்தது.

“டீசல நிப்பாட்டுண்ணே!”

அவன் கை டீசல் வால்வுக்குப் போகவில்லை. விறகடுப்பில் பத்தொன்பது வருடம் பழகிய கை அது. தீ தணிந்தால் காற்றைத் திறக்கும். ப்ளோயரை முழுதாகத் திறந்துவிட்டு, பந்தத்தை எடுக்கக் குனிந்தான். நான் பாய்ந்து வால்வை மூடி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன்.

இருவரும் படியில் விழுந்த நொடியில் உள்ளே, காய்ந்து சிவந்திருந்த தகடு ஏதோ அந்த ஆவியைத் தானே பற்றவைத்தது. தும். தரை ஒரு முறை அதிர்ந்தது. போல்ட்டுகள் தாங்கின. மூடியின் விளிம்பில் தீ நாக்குகள் நீண்டு உடனே மறைந்தன. அண்ணன் குனிந்து நின்ற இடத்தில், பந்தம் தனியாக எரிந்துகொண்டு கிடந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. “நான் அங்கதான இருந்தேன்” என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

மைனி அழவில்லை. உள்ளே போய்ப் பந்தத்தை மிதித்து அணைத்தாள். பிறகு, கை சும்மா இருந்தால் பயம் கூடும் என்பதுபோல, மறுபடி காயைப் பரப்ப ஆரம்பித்தாள். குவிந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தள்ளி, காலியான இடத்தை நிரப்பி, துளைத்தட்டு முழுவதும் ஒரே கனமாக.

“ஏன் மைனி இவ்வளவு பாத்துப் பரத்துறீங்க?” என்று, எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“எல்லாக் காய்க்கும் ஒரே மாதிரி காத்து படணும்ல. இல்லன்னா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பூசணம் பூக்கும்.”

ஒரே மாதிரி காற்று. நான் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். சல்லடைத் தகடு. ஒரு துளைகூட முன்னபின்ன இருக்காது.

“அண்ணே, நீ பண்ணினது அடுப்பு இல்ல. ஏலக்காய்த் தட்டு.”

“என்ன ஒளறுத?”

படியிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். விமான எஞ்சினின் முன்பகுதி காற்றை உறிஞ்சி, அழுத்தி, புயலைவிட வேகமாக எரியறைக்குத் தள்ளுகிறது. தீ பரவும் வேகம் அதில் ஒரு சிறு பங்குதான். அந்தக் காற்று முழுவதும் தீயின் மேல் விழுந்தால் தீ நிற்காது. அண்ணனின் குழாயில் எல்லாத் துளைகளும் ஒரே அளவு என்பதால், தீ பிறக்கும் முன்முனையிலும் மற்ற இடங்களைப் போலவே காற்று அடிக்கிறது.

“ஓடுற ஜீப்புல எப்படிப் பீடி பத்தவப்ப?”

“கையப் பொத்திக்கிட்டு.”

“காத்து இல்லாமயா?”

“இல்ல. கொஞ்சம் காத்து வேணும்.”

அப்படிப் பொத்துவதைத்தான் எரியறையிலும் செய்கிறார்கள். வரும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தீப்பிறக்கும் முன்பகுதிக்குள் விடுகிறார்கள். அதையும் நேராக விடுவதில்லை. நாசிலைச் சுற்றி வளைந்த இதழ்களை வைத்துச் சுழலவிடுகிறார்கள். சுழலும் காற்றின் நடுவில் அழுத்தம் குறையும். அந்தப் பள்ளத்துக்குள், எரிந்து முடித்த அனல் பின்னாலிருந்து திரும்பி வரும். வந்து புதிய தூவலைப் பற்றவைக்கும். தீ தன்னைத்தானே பற்றவைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். மிச்சக் காற்று வெளியே சுற்றிப் போய்ப் பின்னால் நுழையும். அதில் ஒரு பகுதி சுவரை ஒட்டி ஓடித் தகட்டை உருகாமல் காக்கும். மற்றது அனலில் கலந்து அதைக் குளிர்விக்கும். இல்லையென்றால் அடுத்திருக்கும், அனலால் சுழலும் டர்பைன் இதழ்கள் தாங்காது.

“எனக்கு டர்பைன் இல்லியே.”

“உன் தகரக் குழாய் இருக்குல்ல? அதும் தாங்காது.”

அவன் சுவரில் பெயர்ந்த காரையைப் பார்த்தான். பிறகு எழுந்து போய், துரு ஏறிய பின்மூடியைப் பெயர்க்கச் சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்தான்.

ஐந்தரை மணிக்கு வேலை முடிந்தது. டீசல் இல்லாமல் ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினோம். வாடை போனதா என்று மூன்று பேரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். இந்த முறை பற்றவைப்பது நான் என்றேன். பந்தத்தை நீளமான கம்பியில் கட்டினோம். அண்ணனை டீசல் வால்வின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

“என்ன ஆனாலும் மூடுறதுதான் ஒன் வேலை. காத்தத் தொடாத.”

“தொடல. மாதாவே.”

மைனி ஒரு குச்சியைக் கொடுத்தாள். இந்த முறை அவள் வெளியே போகவில்லை. பந்தத்தைப் பற்றவைத்துத் துவாரத்தில் நீட்டினேன்.

பிடித்தது. கால். பாதி. மைனி ப்ளோயர் தகட்டை ஒரு விரல் நகர்த்தினாள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீ கொஞ்சம் தள்ளாடியது. அண்ணன் வால்வை இறுகப் பிடித்தான். பிறகு தீ நாசிலின் முன்னால் சுருண்டு, உருண்டையாக, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இன்னொரு விரல். முக்கால். முழுவதும். அசையவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: குழாயின் முன் மூன்றில் ஒரு பங்கில், மூன்று துளைக்கு இரண்டு என்று தகடு வைத்து அடைத்தோம், நாசிலைச் சுற்றி எட்டு வளைந்த இதழ்களைப் பொருத்திக் காற்றைச் சுழலவிட்டோம், பின் மூன்றில் ஒரு பங்கில், மும்மூன்று துளைகளை ஒன்றாக வெட்டிப் பெரிதாக்கி, மிச்சக் காற்று தீயைத் தொடாமல் அங்கே நுழையும்படி செய்தோம்.