பி எழுத்து வரைக்கும்

பேச்சியம்மாளின் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்திருந்தது. வெள்ளத்தில் வீட்டைவிட்டு வெளியேறும்போது தண்ணீருக்குள் கிடந்த தகரம் கிழித்த காயம். யோங் பெங் ஊர்ப் பள்ளி மண்டபத்தை நிவாரண மையமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரு பாயில் கிடந்தவள், கூப்பிட்டால் முனகினாள், பதில் சொல்லவில்லை. டாக்டர் பிரெட்ரிக் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தார். சாலை துண்டாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு வரும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"டாக்டர், இருங்க," என்றான் மகன் ஹேமநாதன். "அம்மாவுக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது. உங்க கிளினிக்லதான் போட்டீங்க. மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு முட்டிப் போச்சாம்."

"எந்த ஊசி?"

"தெரியல டாக்டர். நான் அப்ப சிங்கப்பூர்ல இருந்தேன். நீங்க கார்டுல எழுதிக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

கிருமிக்கான ஊசிமருந்து பெட்டியில் இரண்டே வகைதான் இருந்தது. அதில் ஒன்று ஏற்கெனவே டாக்டரின் கையில் இருந்தது. அவர் பேச்சியம்மாளின் முகத்தையே பார்த்தார். எத்தனையோ முறை எதிரில் உட்கார்ந்து பேசிய முகம். எதுவும் நினைவுக்கு வரவில்லை. நோயாளிகளின் கார்டுகள் எல்லாம் கிளினிக்கின் பின்னறையில் தண்ணீருக்கடியில் கிடந்தன.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி எலைன் கைப்பேசியை எடுத்தாள். கிளினிக்கின் நிர்வாகம் அவளுடையது. கார்டுகளை ஸ்கேன் செய்துவிடலாம் என்று போன வருடம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். பின்னறை காலியானால் இன்னொரு டாக்டரை உட்கார வைக்கலாம். கார்டு தேடுகிற நேரத்தில் எரிச்சல்பட்டு எழுந்து போகிறவர்களை இழக்க வேண்டாம். பக்கத்து ஊரான பெக்கோக்கில் கிளை திறந்தால் இங்கே எழுதியதை அங்கேயே பார்க்கலாம். "கார்டு கையில இருந்தாத்தான் எனக்கு ஆள் ஞாபகம் வரும்," என்பார் டாக்டர். கடைசியில் அவளாகவே ஒரு ஸ்கேனர் வாங்கி, நோயாளிகளின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் எடுத்து ஆரம்பித்தாள். சில வாரம் முன்னால், கூட்டமான ஒரு நாளில் வேலையாட்களை அதற்கு உட்கார வைத்ததும், அவர்கள் எதிரிலேயே அவர் கத்தினார். "இதுக்கா ஆள் வச்சிருக்கேன்? நிறுத்து!" நிறுத்திவிட்டாள்.

"ஓ வரைக்கும் முடிச்சு, பி எழுத்துல பாதியிலதான் நின்னேன்," என்றாள் இப்போது. "இருக்குமான்னு தெரியல."

அவர் கையிலிருந்த குப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

ஸ்கேன் செய்த கார்டுகள் இணையத்தில் இருந்தன; மண்டபத்துக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை. எலைன் பாய்களுக்கு நடுவே கால் வைத்து, மேடையேறி, ஜன்னலோரம் போய் நின்றாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே பேச்சியம்மாளுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. ஹேமநாதன் தாயின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தான்.

"எலைன்!" என்றார் டாக்டர்.

"வருது... வருது, இருங்க."

வந்தது. அவள் ஓடிவந்து கைப்பேசியை நீட்டினாள். மங்கலான கார்டு. விரலால் பெரிதாக்கினார். ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்தே: பெனிசிலின் கூடாது.

அவர் கையிலிருந்தது அதுதான். அதைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போது மற்ற குப்பிகள்மேல் இடித்துச் சத்தம் கேட்டது. அடுத்ததை எடுத்து ஊசியில் ஏற்றினார். போட்டு முடித்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எலைனும் பார்த்தாள். 

"டாக்டர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். "என் ஹார்ட் மாத்திரையெல்லாம் தண்ணியில போச்சுங்க. பேரு தெரியாது. ஒன்னு வெள்ளை, ஒன்னு மஞ்சள்."

"உங்க பேரு, அங்கிள்?" என்றாள் எலைன்.

"சுகுமாரன்."

அவள் விரல் திரைமேல் போய் அப்படியே நின்றது. கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. எஸ் எழுத்து வரைக்கும் ஸ்கேன் போகவே இல்லை.

"இப்படி உக்காருங்க," என்று டாக்டர் சுகுமாரனைப் பாயில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "எப்பலேருந்து நெஞ்சு வலி? முதல்லேருந்து சொல்லுங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளும் ஒவ்வொருவராக எழுந்து அவர்களை நோக்கி வரத் தொடங்கினார்கள்.