சீனித்தம்பியின் ஆர்மோனியம்

1993ஆம் ஆண்டு மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, நாவற்குடாவில் வீரகத்தி தன் வீட்டுச் சீலிங்கில் நடக்கத் தொடங்கினார். அவருடைய மனைவி வசந்தாதேவிக்கு, காலமான கதிரவெளித் தாய்மாமன் சீனித்தம்பியின் சொத்தாக ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. மாமனுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவரின் பொருள் சகோதரியின் மகளுக்குத்தான் போகும். உள்ளே தேக்குச் சட்டமும் கறுப்புத் தோல் துருத்தியும் இருந்தன. துருத்தி இருந்ததால் அது ஆர்மோனியம் என்று ஊர் முடிவு செய்தது. கோயில் பஜனைக்குக் கொடுப்பதென்றும் பேசி முடித்தார்கள். வீரகத்தி அதன் முன்னால் சம்மணம் கொட்டி இருந்து கட்டைகளைத் தேடினார். காற்று அடைபட்டிருக்கிறது என்று நினைத்த வசந்தாதேவி முன்பக்கத்துப் பித்தளை மூடியைக் கழற்றினாள். அவர் சம்மணம் கலையாமல் மேலே போனார்.

மேலே அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாறன் அவர் கால் பக்கமே விழுந்தது. நீட்டிய தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் தானே திரும்பி, சிந்தாமல் அவர் கைக்குப் போனது. சுற்றிவளைப்பு வந்தபோது படையினர் கட்டிலுக்கடியிலும் நெல் மூட்டைகளுக்குப் பின்னாலும் தேடினர், மேலே பார்க்கவில்லை. அன்று வீதி ஆண்களைப் பள்ளிக்கூட வளவில், முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் நிறுத்தினார்கள். ஒருவர் திரும்பவில்லை. ஆனால் வயல் வட்டையில் நெல் முற்றி நின்றது, வெட்ட ஆளில்லை. கட்டிலிலும் பாதி காலி. மேலே இருந்தால் புருஷன் உயிரோடிருப்பார், கீழே வந்தால்தான் குடும்பம் நடக்கும். எதைக் கேட்பதென்று தெரியாததால் வசந்தாதேவி கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி எதுவும் வைக்கவில்லை.

ஆர்மோனியம் திருத்த ஆள் தேடியபோது காத்தான்குடி அப்துல் கபூரின் பெயர் வந்தது. தமிழ்-முஸ்லிம் வன்செயலுக்கு முன் பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்து, ரேடியோவும் ஆர்மோனியமும் திருத்தியவர். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. சைக்கிளில் வந்து இறங்கினார், அண்ணாந்து பார்த்தார்.

“என்ன அண்ணன், மேல சூடா இரிக்கா?”

“எனக்கு ஒண்டுமில்ல. கீழ இரிக்கிற சாமானப் பாருங்க.”

கபூர் துருத்தியை இழுத்தார். பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியைத் துடைத்தார். போர்வையைத் தலையில் போட்டுக் குனிந்தார். கண்ணாடியில் வீடு தலைகீழாக நின்றது. வீரகத்தி மட்டும் நேராக நின்றார்.

“தங்கச்சி, இது ஆர்மோனியம் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் கமரா. எட்டுக்குப் பத்துக் கண்ணாடித் தட்டுப் போடுற சாதி. இதுக்குள்ள ஆள் தலைகீழாத்தான் விழும். மூடியத் தொறந்தா மூடணும். நீங்க மூடல்ல.”

மூடியைப் போட்டதும் வீரகத்தி பாயில் வந்து இறங்கினார். கபூர் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வருடம் நெல் நேரத்துக்கு வெட்டப்பட்டது. தட்டு எங்கும் கிடைக்காததால் கமராவில் ஒரு படமும் எடுக்கப்படவில்லை. பிறகு வந்த வருடங்களில், நாய்கள் குரைத்தால் வசந்தாதேவி மூடியைக் கழற்றுவாள். ஜீப் போனதும் போடுவாள். அயல் ஆண்களும் வந்து கமராவின் முன் அமர்ந்தார்கள். ஒரு தரம் அந்த வழியாக வந்த கபூரும் அவர்களோடு ஏறினார். படையினர் அதைத் தட்டிப் பார்த்து, சிங்களத்தில் ஆர்மோனியம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். சீலிங்கில் பாய் விரிக்கப்பட்டது. சீட்டாட்டம் தொடங்கியது.

ஒரு நாள் ஜீப் போய் வெகுநேரமாகியும் ஆட்டம் முடியவில்லை. வசந்தாதேவி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“ஆமிக்காரன் போயிட்டான். எறங்கிறீங்களா, இல்ல சோத்தையும் மேல அனுப்பவா?”