தோற்றவர்களுக்கே மைதானம்

கவுன்சிலரான பிறகு ஷர்மிளாவிடம் வந்த முதல் கோரிக்கையே பாதிதான் அவள் கையில் இருந்த ஒன்றைப் பற்றியது. அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த விளையாட்டரங்கம் இரண்டு வார்டுகளுக்கு நடுவே கிடந்தது. வாசலும் கேலரியும் பக்கத்து வார்டுக் கவுன்சிலர் கஜபதியின் எல்லையில், மைதானம் முழுக்க ஷர்மிளாவின் வார்டில். இரண்டு பேருக்கும் சொந்தம் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. கேட்டில் பூட்டு, உள்ளே சீமைக்கருவேலம்.

கோரிக்கையோடு வந்தவள் ரேஷ்மா. புது அடுக்குமாடியில் குடியிருப்பவள், ஐ.டி. வேலை.

"மேடம், ரோட்டுல நடந்தா லாரிக்காரன் ஹாரன் அடிச்சே ஓரங்கட்டுறான். பார்க்கிங்ல பந்து போட்டா அசோசியேஷன்ல திட்டுறாங்க. அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தை எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

ஷர்மிளாவுக்குச் சுருக்கென்றது. அவளே பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் த்ரோபால் ஆடியவள். கல்யாணமாகி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு பந்தைத் தொட்டதில்லை.

மறுநாளே கஜபதியைத் தேடிப் போனாள். பலமுறை ஜெயித்து அனுபவப்பட்டவர் அவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே வார்டை நடத்துவார்.

"அண்ணே, அந்தக் கேட்டைத் தொறந்து விடலாமே?"

"கேட்டு தாம்மா என்து. தரை உன்து. நான் தொறந்து, உன் தரைல எவனாவது வுயுந்து கால ஒட்ச்சிகினா, எங்கிட்டதான் வந்து நிப்பான். மொதல்ல நீ உள்ள சுத்தம் பண்ணு, அப்பால தொறக்கறேன்."

"பூட்டியிருந்தா எப்படிண்ணே உள்ள போய்ச் சுத்தம் பண்றது?"

"அட, ஆமா!" என்று வியந்துபோய் அவளுக்கும் ஒரு டீ சொன்னார். சாவியை மட்டும் தரவில்லை.

மன்றக் கூட்டத்திலும் இதே கதைதான். தரை, கேட்டு, தரை, கேட்டு என்று இருவரும் மாறி மாறிப் பேச, மற்ற கவுன்சிலர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷர்மிளாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ ஒண்ணு செய்வோம்ண்ணே. உங்க வார்டு பொம்பளைங்களும் எங்க வார்டு பொம்பளைங்களும் அங்கேயே த்ரோபால் ஆடட்டும். தோத்த வார்டு மைதானத்துக்குப் பொறுப்பு."

கஜபதி மீசையைத் தடவினார். அவர் வார்டில் இட்லிக்கடை பொன்னியம்மா இருந்தாள். மாவு வாளியை ஒற்றைக் கையில் தூக்குகிறவள். "சர்தான். சுமையைச் சுமக்க ரெடியா இரு," என்றார்.

ஆடுவதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு இடம் வேண்டும். சாவி தானாக வெளியே வந்தது. இரண்டு வார்டுப் பெண்களும் அரிவாளோடு இறங்கிக் கருவேலத்தை வெட்டினார்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். தரை தெரிந்ததும் ரிட்டயர்டு ஆட்கள் ஓரமாக நடக்கத் தொடங்கினார்கள், பிள்ளைகள் சைக்கிளோடு நுழைந்தார்கள். போட்டி நாள் வருவதற்குள் அந்த இடம் பூட்டிக் கிடந்ததையே பலர் மறந்துவிட்டார்கள்.

ஞாயிறு மாலை கேலரி நிரம்பி வழிந்தது. அயனம்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சுண்டல் வண்டி, ஐஸ் வண்டி, மைக் செட்டு. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்கக் கஜபதியின் முகம் மாறியது. இத்தனை ஓட்டு வந்து உட்காரும் இடத்தையா சுமை என்று நினைத்தோம்? ஆட்டம் சரிசமமாகப் போய்க்கொண்டிருக்க, கோட்டருகே ஓடிவந்தார்.

"பொன்னியம்மா! உட்ரு, உட்ரு! தோத்துடு!"

பந்தோடு நின்ற பொன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னா நைனா, மூளை கொயம்பிப்போச்சா? கடைய மூடிகினு வந்தது தோக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, பந்தை வீசிப் புள்ளி எடுத்தாள்.

எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த ஷர்மிளாவுக்கும் அதே நினைப்பு வராமல் இல்லை. கடைசிப் புள்ளி. பந்து அவளை நோக்கி வந்தது. விட்டுவிட்டால் மைதானம் அவளுடையது. விளக்கு, பெயர்ப்பலகை, அடுத்த தேர்தல், எல்லாம். ஆனால் கைகள் அவளைக் கேட்கவில்லை. பந்தைப் பிடித்து, எதிரே இருவருக்கு நடுவில் தெரிந்த வெற்றிடத்தில் எறிந்தன. பந்து தரையில் பட்டது. அவள் அணியில் ஆடிய ரேஷ்மா ஓடிவந்து அவளை அலேக்காகத் தூக்கிக்கொண்டாள். கீழே இறங்குவதற்குள் மைதானம் கைவிட்டுப் போனது புரிய, ஷர்மிளாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"தோத்தது நாங்கோ! மைதானம் எங்க பொறுப்பு!" என்று கஜபதி மைக்கில் முழங்கினார். தோற்றவருக்கு அப்படி ஒரு விசில் சத்தம் அந்த ஊரில் கேட்டதில்லை.

ஷர்மிளா மைக்கை வாங்கினாள். "பொறுப்பு அண்ணனோடதுதான். ஆனா யாரு எப்போ ஆடணும்னு ஆடுறவங்களே முடிவு பண்ணட்டும். சரிதானேண்ணே?"

கேலரி முழுக்கக் கத்தியது. அத்தனை பேர் முன்னால் கஜபதியால் தலையை ஆட்டத்தான் முடிந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் அது தீர்மானமாகவே நிறைவேறியது. பொன்னியம்மாவும் ரேஷ்மாவும் நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். விளக்குகள் வந்தன, ஒவ்வொரு கம்பத்திலும் கஜபதியின் பெயரோடு. ஷர்மிளா போராடிப் பெண்களுக்குக் கழிப்பறை வாங்கித் தந்தாள். "அதுல உங்க பேரைப் போட வேணாமா மேடம்?" என்று ரேஷ்மா கிண்டல் செய்தபோது, கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன வாரம் ஒரு மாலை ஷர்மிளா புது ஷூ போட்டுக்கொண்டு ஆசையாக ஆட வந்தாள்.

"கோர்ட்டு காலி இல்லம்மா. அப்டி குந்து, கூப்புட்றேன்," என்றாள் பொன்னியம்மா.

கேலரியில் ஏற்கெனவே கஜபதி உட்கார்ந்திருந்தார். நடைபாதையை மறித்துக்கொண்டு போன் பேசியதற்காக ரிட்டயர்டு ஆட்கள் அவரை விரட்டியிருந்தார்கள். சுண்டல் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ஷர்மிளா ஒரு கை அள்ளிக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.