ஒரே காலையில் ஓடியவன்

இலையுதிர் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நகராட்சி நடத்தும் ஓட்டப் பந்தயத்தில், தையல் மெஷின் மெக்கானிக் மற்றவர்களோடு சேர்ந்து காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்து, முப்பத்து மூன்று வருடம் கழித்து ஓடி முடித்தான். அவன் கிளம்பிய வருடம் பூக் கண்காட்சியில் முதல் பரிசு ஒரு பல் டாக்டர் வளர்த்த மஞ்சள் டேலியாவுக்குக் கிடைத்தது. காற்று அடிக்காததால் ஏரியில் பாய்மரப் படகுப் போட்டி ஒரு வாரம் தள்ளிப்போனது. நூலகத்தில் பழைய புத்தகங்களை எடைக்கு விற்றார்கள். ஊர்க்காரர்கள் அந்த வருடத்தை நினைவில் வைத்திருந்தது முதலில் இவற்றால்தான். பாதி தூரம் ஓடி, மூச்சு வாங்கி, யாருக்கும் தெரியாமல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் எல்லா வருடமும் இருந்தார்கள். ஆகவே ஒரு மெக்கானிக் வந்து சேராதது அன்றைக்குப் பெரிய சேதியாக யாருக்கும் படவில்லை.

அவன் மனைவிக்கு மட்டும் பட்டது. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். நகர மன்றத்துக்கு முன்னால், ஓட்டம் முடிகிற இடத்தில், முதுகைத் தூணில் சாய்த்தபடி நின்றிருந்தாள். வாலிபர்கள் வந்தார்கள், வயதானவர்கள் வந்தார்கள், கடைசியில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு தபால்காரர் வந்தார். கயிற்றைச் சுருட்டிப் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிய பிறகும் அவள் நின்றாள். பின்னால் ஓடி வந்தவர்களை விசாரித்தபோது எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: ஆற்றுப் பாலத்தில் பனி மூடியிருந்தது, மெக்கானிக் அதற்குள் ஓடினான், மறுபக்கம் வரவில்லை. படகுக்காரர்கள் ஆற்றைத் துழாவி ஒரு சைக்கிளையும் இரண்டு நாற்காலிகளையும் எடுத்தார்கள். போலீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா, வேறு யாரோடாவது பழக்கமா, ஓடிப்போயிருப்பாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அவருக்கு ஷூ லேஸ் கூட நான்தான் சார் கட்டிவிடணும்" என்றாள் அவள். "ஓடிப்போற சாமர்த்தியம் எல்லாம் அவருக்கு ஏது?"

மறுவருடம் அதே ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர் மாவு அப்பிய கையோடு ஓடி வந்து, உன் வீட்டுக்காரர் பாலத்திலிருந்து இறங்கி வருகிறார், உடனே வா என்றார். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் ஓடினாள். அவன்தான். அதே பனியன், நெஞ்சில் அதே எண், நெற்றியில் இப்போதுதான் துளிர்த்த வியர்வை. முதல் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பிடித்து, அவன் கையைப் பற்றி, என்னங்க என்றாள். அவன் தலையைத் திருப்பினான். கால் தடுமாறியது. அவ்வளவுதான், விளக்கை அணைத்த மாதிரி ஆள் இல்லை. அவள் முகம் அவன் கண்ணில் பட்டதா என்பதுகூடத் தெரியவில்லை. உள்ளங்கையில் அவன் வியர்வை ஈரமாக இருந்தது. அது காய்கிறவரை விரல்களை மடக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த வருடம் அதே விளக்குக் கம்பத்திலிருந்து அவன் ஓட்டத்தைத் தொடர்ந்தான். அந்த முறை யாரும் கிட்டே போகவில்லை, தபால் நிலைய மூலை வரைக்கும் போய்ச் சேர்ந்தான். வேறொரு வருடம் தீயணைப்பு நிலையத்து ஆள் ஒருவர் உற்சாகத்தில் முதுகில் தட்டிக்கொடுக்க, நாலடிகூட நகராமல் மறைந்தான். ஊருக்கு விஷயம் பிடிபட்டது. தொந்தரவு செய்யாவிட்டால் ஒரு தெருவளவு ஓடுவான், நின்றால் போய்விடுவான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட இன்னொரு விஷயம், அவனுக்கு அது இன்னும் அந்த முதல் காலைதான் என்பது. தாடி வளரவில்லை, ஷூ தேயவில்லை, களைப்புகூடப் பாதி ஓட்டத்துக்கான களைப்புதான். ஆகவே பந்தய நாளன்று அவன் வரப்போகிற தெருவில் வண்டிகளை ஒதுக்கி, நாய்களைக் கட்டிப்போட்டு, நடுவில் வழி விட்டு நிற்பது வழக்கமாயிற்று. பூக் கண்காட்சி, நூலக விற்பனை, மெக்கானிக் வருவது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அவன் மனைவி மட்டும் முன்வரிசையில் நிற்கவில்லை. ஏதாவது ஒரு கதவிடுக்கில், தூண் மறைவில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். மற்ற யாரைப் பார்த்தாலும் அவன் ஓடிக்கொண்டே இருப்பான், தன்னைப் பார்த்தால் நிற்பான்; இது அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். அந்த ஒரு நிச்சயத்தினால்தான் வருடா வருடம் அவனிடமிருந்து ஒளிந்துகொண்டாள். எத்தனை வருடமானாலும் ஓட்டத்தை முடித்தால்தான் வீட்டுக்கு வருவான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

மகளுக்கு ஏழு வயதானபோது, அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு தெருவில் இறங்கி, அவன் பக்கத்தில் ஓடினாள். அவன் நிற்கவில்லை. அவனுக்கு அவள் யாரோ ஒரு குழந்தை. பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமலே, "ஓரமா போ கண்ணு, விழுந்துடப் போற" என்று சொல்லிவிட்டு ஓடினான். மகள் திரும்பி வந்து, அப்பா தன்னைக் கண்ணு என்று கூப்பிட்டார் என்று அம்மாவிடமும், பிறகு தெருவில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மறுநாள் சலவைக் கடையில் அம்மா ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா வந்து கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்து, வீட்டுக்குப் போ என்றாள்.

ரொட்டிக் கடைக்காரர் மனைவியை இழந்தவர். குழந்தைக்குப் பல் முளைத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தினமும் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்தவர், ஒருநாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்துவிடலாமா என்று கேட்டார். நல்ல மனுஷர். அவளுக்கும் அவர் மேல் பிரியம் இருந்தது. இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. இந்த வருட ஓட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மருந்துக் கடைப் படிக்கட்டின் மறைவில் நின்றார்கள். மெக்கானிக் வந்தான். நேராகப் போகவேண்டியவன், அந்தப் படிக்கட்டுக்கு எதிரே வந்தபோது கழுத்தை லேசாகத் தூக்கி, ஓட்டம் முடிகிற பக்கமாகப் பார்த்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். அங்கே யாரோ தனக்காக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிற ஆளின் சிரிப்பு. ரொட்டிக் கடைக்காரர் அதைப் பார்த்தார். அவளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பதில் சொல்ல வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்கப் போனார். பிறகு வேறொரு கல்யாணம் செய்துகொண்டார். ரொட்டி வருவது மட்டும் நிற்கவில்லை.

நடுவில் ஒரு வருடம் குழாய் பதிக்கிறோம் என்று பெரிய தெருவைத் தோண்டிப்போட்டார்கள். ஓட்டப் பந்தயத்தை ஏரிக்கரைக்கு மாற்றியாயிற்று. அவள் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒரு ஆளுக்காக ஊரின் தண்ணீரை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே ஏரிக்கரையில் இருந்தது. பெரிய தெருவில் அம்மாவும் மகளும், பள்ளத்தின் விளிம்பில் குழாய் வேலைக்காரர்கள் சிலரும் மட்டும். அவன் போன வருடம் விட்ட இடத்தில் தோன்றி, வழக்கமான வேகத்தில், நேராகப் பள்ளத்தைப் பார்த்து ஓடி வந்தான். அவள் கத்த வாயைத் திறந்து, கத்தினால் நின்றுவிடுவான் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மேஸ்திரி ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஆட்கள் பலகைகளைத் தூக்கிப் பள்ளத்தின் குறுக்கே போட்டார்கள், இரண்டு பேர் உள்ளே இறங்கித் தோளால் முட்டுக்கொடுத்தார்கள். தலைக்கு மேல் தட தடவென்று அவன் ஓடிக் கடந்ததைக் கேட்டதாகவும், பலகை ஒரு சாதாரண ஆளின் கனத்துக்குத்தான் வளைந்ததாகவும் அவர்கள் பிற்பாடு சொன்னார்கள். மறுவருடம் பந்தயம் பழைய தெருவுக்கே திரும்பியது.

வருடங்கள் போயின. பல் டாக்டர் இறந்து, அவர் டேலியாக் கிழங்குகள் பல வீடுகளுக்குப் பிரிந்துபோயின. ஏரி சுருங்கியது. தையல் மெஷின்களுக்கு மோட்டார் வந்தது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண் பெற்றாள். அப்பாவின் வயதை எட்டிய வருடம் அவனைப் பார்த்துவிட்டு வந்து நாள் முழுக்க அழுதாள். அதற்கு மறுவருடத்திலிருந்து அவன் அவளுக்குத் தம்பி மாதிரி இருந்தான். இஸ்திரிக்காரியின் முட்டிகள் பழுதாயின, தலை முழுக்க வெளுத்தது. ஒளிந்து நிற்கவேண்டிய அவசியம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது, இனிமேல் எதிரே நின்றாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது. அது அவளுக்கே தெரிந்தும் சில வருடங்கள் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள்.

கடைசி வருடம் நகர மன்றத்துக்கு ஒரு தெரு மிச்சம் இருந்தது. மற்ற ஓட்டக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவன் முடிவுக் கோட்டைத் தாண்டினான். மறையவில்லை. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிவிட்டு, நிமிர்ந்து தூண் பக்கம் பார்த்தான். அங்கே வெள்ளைத் தலையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், பிறகு அவளிடமே வந்தான்.

"அம்மா, இங்க ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தாளா? மாசமா இருக்கா. பச்சைச் சேலை."

"நின்னா" என்றாள் அவள். "ரொம்ப நேரம் நின்னா."

குரலுக்கு மட்டும் வயதாகியிருக்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு சுருக்கமாக விலக்கிப் பார்ப்பவன்போலப் பார்த்தான். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் எங்கயும் நிக்கலையே. நிக்காமத்தானே ஓடி வந்தேன்."

"தெரியும். பாத்துட்டேதான் இருந்தேன்."

மகள் வந்து, ஒரு பக்கம் அம்மாவையும் மறுபக்கம் அப்பாவையும் எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். அவன் வழியெல்லாம் மகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில்தான் துணிச்சல் வந்து, நீ எப்போது பிறந்தாய் என்று கேட்டான்.

வீட்டில் அவனுக்கு முன்னறையில் கட்டில் போட்டார்கள். முதல் வாரம் அவள் குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். பிறகு மோட்டார் மெஷின்களைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனான். பேத்தி அவனைத் தாத்தா என்று கூப்பிட்டாள். தெருவில் போகிற புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பழகியவர்கள் பார்ப்பதில்லை. கணவன் மனைவியாக அவர்களால் வாழ முடியவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை. சாயங்காலம் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வருடமாகச் சொல்வாள், அவன் கேட்பான். குழந்தைக்கு அம்மை போட்டது, கூரை ஒழுகியது, ரொட்டிக் கடைக்காரர் கேட்டது, எல்லாம். ரொட்டிக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்ட அன்றைக்கு, நீ சரி என்று சொல்லியிருக்கலாம் என்றான். சொல்லியிருக்கலாம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டு, அடுப்பை அணைக்க எழுந்தாள்.

எல்லா வருடங்களையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பந்தயத்துக்காகத் தெருவில் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றி வந்தது. ஆஸ்பத்திரியில் வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ், கூட இருக்கப்போவது யார், மகனா என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்" என்றான் அவன்.

நர்ஸ் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள், கட்டிலில் இருந்தவளைப் பார்த்தாள்.

"ஓடினவரா? சின்ன வயசுல எங்க தெருவுல உங்களைப் பாத்திருக்கேன்" என்றாள். பிறகு, ராத்திரி தங்குகிறவர்கள் போர்வை கொண்டுவர வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.