சாத்துக்குடியோடு போன சாயப்பட்டறை

எங்கள் ஊரில் வேலையால் ஒருவர் நோயில் விழுந்தால் கம்பெனி போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேனேஜர் போனால் செல்லாது. சுவர், கூரை, பாய்லர் எல்லாமாகக் கம்பெனியே எழுந்து போக வேண்டும். அதுவரை அந்த நோய் குணமாகாது. இருமல் என்று போனால்கூட டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் கம்பெனி வந்ததா என்றுதான் கேட்பார்.

நான் தெய்வசிகாமணி சாயப்பட்டறையில், வருகை பதிகிற டைம் ஆபீஸில் இருக்கிறேன். பட்டறை நலம் விசாரிக்கப் போகும்போது சாத்துக்குடியும் ரொட்டியும் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பதும் நான்தான். கட்டடத்துக்குக் கை கிடையாது. நாங்கள் சாயம் போட்ட துண்டில் முகம் துடைத்து நீலமாகிப்போன ஒரு மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கக் கல்யாணத்துக்குக்கூட அது போயிருக்கிறது. மண்டபத்துக்குள் நுழைய முடியாமல் பக்கத்துக் காலியிடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தது. மரியாதை தெரிந்த கட்டடம்.

அப்படிப்பட்ட பட்டறை மயிலாத்தாள் விஷயத்தில் மட்டும் நகரவில்லை. மயிலாத்தாள் சாயத் தொட்டியில் வேலை பார்த்தவர். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆற்றுக்கு அக்கரையில் வீட்டோடு கிடந்தார். அவர் வீட்டுக்காரர் காளியண்ணன் தினமும் கேட்டுக்கு வந்து, பட்டறை எப்போது வருகிறது என்று கேட்டுவிட்டுப் போவார். வெளிநாட்டு ஆர்டர் நடக்கிறது, இப்போது எழுந்தால் தொட்டியில் இருக்கிற சரக்கு கெட்டுவிடும் என்றார் முதலாளி. கடைசியில் ஒரு யோசனை செய்து, செக்யூரிட்டி ரூமை மட்டும் அனுப்பினார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போனேன். செக்யூரிட்டி ரூம் சின்னது, பாவம், பாலத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தது. காளியண்ணன் அதற்கு டீ கொடுத்தார். மயிலாத்தாள் எழுந்து உட்கார்ந்து அதை மேலும் கீழும் பார்த்தார்.

"வூட்டுப் பெரியவங்க வர வேண்டிய எடத்துக்கு வாசப்படிய அனுப்பியிருக்கறாங்க" என்றார்.

அவருடைய இருமல் செக்யூரிட்டி ரூம் அளவுக்கே குறைந்தது. இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

செக்யூரிட்டி ரூம் திரும்பி வந்து பட்டறையிடம் என்ன சொன்னதோ தெரியாது. மறுநாள் காலை, நாங்கள் எல்லோரும் உள்ளே இருக்கும்போதே பட்டறை எழுந்து நடந்தது. முதலாளி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர்கூட அலுங்கவில்லை. ஜன்னலில் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

ஆற்றங்கரை வந்ததும் பட்டறை நின்றுவிட்டது. பாலம் அதைத் தாங்காது, ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டும். அன்று எங்கள் ஆர்டர் சிவப்பு, ஆறும் சிவப்பாகக் கிடந்தது. பட்டறை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. முதலாளி அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அது முன்னாலும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

நான் பையோடு பாலத்தில் ஓடினேன். மயிலாத்தாளுக்குப் பேச்சே சிரமமாக இருந்தது. நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெக்கப்படுதுங்க அது. வர்ற வழியில ஒரு நோயாளி கெடக்கையில, அதத் தாண்டிட்டு என்ற வூட்டுக்கு எப்படீங்க வரும்? மொதல்ல ஆத்தப் பாக்கச் சொல்லுங்க. இந்தப் பழத்தையும் அதுக்கே குடுத்துருங்க."

"உங்களுக்கு?"

"நான் இருப்பனுங்க" என்றார். இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பயத்தோடுதான் பையைத் திருப்பி எடுத்து வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பட்டறை கரையில் மெதுவாக உட்கார்ந்தது. நடக்கும்போதும் ஆற்றுக்குள்ளேயே நீட்டியிருந்த கழிவுக் குழாயைக் காலை மடக்குவதுபோல உள்ளே இழுத்துக்கொண்டது. சாயத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தொட்டி நிறைந்து, வேலை நின்றது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு துண்டு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார். சரக்கு தாமதமாகும், பட்டறை ஆற்றைப் பார்க்க வந்திருக்கிறது என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, நாங்களும் விசாரித்ததாக ஆற்றிடம் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரோரம் இறங்கினார். சாத்துக்குடியை அவரே உரித்து, சுளை சுளையாக ஆற்றுக்குக் கொடுத்தார். கொட்டைகளைக்கூட எடுத்துவிட்டார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு பொறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆறு நிதானமாகச் சாப்பிட்டது. சிவப்பு ரோஸ் ஆகி, ரோஸும் வெளுத்து, கூழாங்கற்கள் தெரிந்தன. ஆறு வழிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டதும் பட்டறை முட்டியளவு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனது.

மயிலாத்தாள் இருந்தார். பட்டறை தெருவை அடைத்துக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்தது. அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தோம். ஈரச் சுவரில் கையை வைத்தார்.

"வா சாமி" என்றார். "இதுக்குத்தான் உசுரப் புடிச்சுட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு நன்றாக மூச்சை இழுத்துவிட்டார். இடையில் எங்கும் தடைபடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் கம்பெனித் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாயம் ஒட்டவில்லை.

ஆற்றில் நனைந்ததில், திரும்பி வந்ததும் பட்டறைக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பாய்லர் தும்மிக்கொண்டே இருந்ததால் தொட்டிகளைத் திறக்க முடியவில்லை. தேறும்வரை எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு என்றார் முதலாளி. கழிவுக் குழாயை என்ன செய்வது என்று கேட்டோம். அது மடங்கியபடியே இருக்கட்டும், சாயத் தண்ணீரை நாமே சுத்தம் செய்து நாமே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மயிலாத்தாள் நடமாடத் தொடங்கியதும் பட்டறையைப் பார்க்க வந்திருந்தார். அப்போது கேட்டில் செக்யூரிட்டி ரூம், யாரைப் பார்க்க வேண்டும் என்று யாரையோ கேட்பது காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தோம். ஆறு வந்திருந்தது. கையில் சாத்துக்குடியும் ரொட்டி பாக்கெட்டும் போட்ட பை. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தது. மயிலாத்தாள் அதன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். நான் கொஞ்சம் நீளமான பெஞ்சாகப் பார்த்து எடுத்துப் போட்டேன்.